வக்கீல் சாரின் வெள்ளிக்கிழமை விசாரணை

அபுதாபிக்கு மேற்கே ருவைஸைத் தாண்டி, தார் ரோடு முடிந்த பிறகு, உப்புத் தரையில் வண்டித் தடம் பார்த்துப் போனால் எங்கள் கேம்ப் வரும். பைப்லைன் வேலைக்காகக் கம்பெனி போட்டது. தகர அறைகள், ஒரு மெஸ், ஒரு தண்ணீர் டாங்க், சுற்றிலும் ஒன்றுமில்லை. நான் அங்கே ஏசி மெக்கானிக். தொண்ணூறுகளின் தொடக்கம்.

அந்த இடத்துக்கு கேம்ப் பாஸாக வந்தவர், ஊரில் ஜில்லா கோர்ட்டில் அரசு வக்கீலாக இருந்தவர். ஆட்சி மாறியதும் பதவி போய்விட்டது. கம்பெனியில் செல்வாக்காக இருந்த மச்சினன் விசா எடுத்துக் கொடுத்தார். நேரில் 'வக்கீல் சார்' என்போம். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கவர்னர்' என்று பெயர். பாஸ்போர்ட், லீவு, அறை, ஏசி, எல்லாம் அவர் கையில். அபுதாபி ஆபீஸிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வந்த புதிதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். கெட்டுப்போன மீனைப் போட்டுக்கொண்டிருந்த மெஸ் காண்ட்ராக்டரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, கேள்வி மேல் கேள்வி கேட்டு, அவன் வாயாலேயே உண்மையை வரவழைத்தார். கை தட்டினோம். அந்தக் கைதட்டல் அவருக்கு மிகவும் பிடித்துப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஜும்மா முடிந்ததும் மெஸ்ஸில் விசாரணை. யாராவது ஒருவன் நிற்பான். சாராயம் காய்ச்சினான், பைப்பை உடைத்தான், ஃபோர்மேனை எதிர்த்துப் பேசினான், ஏதாவது ஒன்று. தீர்ப்பாகும் வரை யாருக்கும் சோறு கிடையாது. அதனால் நிற்பவன் சீக்கிரம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில் பசித்த வயிறுகள் எல்லாம் அவர் பக்கம்.

ஒரு புதன்கிழமை தண்ணீர் டேங்கர் டிரைவர், அபுதாபி ஆபீஸுக்கு வந்த தந்தி ஒன்றைக் கொண்டுவந்தார். எங்களோடு சாரம் கட்டிக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரனுக்கு. மனைவிக்குத் தீக்காயம், உடனே வரவும்.

அவன் வக்கீலின் கேபினுக்கு ஓடி வந்தபோது நான் அங்கே ஏசி ஃபில்டர் கழுவி மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஆகஸ்ட் வெயில். உள்ளே வக்கீல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவு குளிர் வைப்பார். வியர்வையில் நனைந்து வந்தவன் நின்ற இடத்தில் வெடவெடவென்று நடுங்கினான்.

"சார், ஸ்டவ் வெடிச்சிருச்சு சார். பாஸ்போர்ட்டக் குடுங்க சார்."

அவர் தந்தியை வாங்கிப் படித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நல்ல கேஸ் ஒன்று கைக்கு வந்த முகம்.

"வெள்ளிக்கிழமை வா. எல்லார் முன்னாடியும் பேசிக்கலாம்."

வெள்ளிக்கிழமை அவன் நின்றான்.

"ஸ்டவ்வ யாரு பத்த வச்சது?"

"அவதான் சார் பத்த வச்சிருப்பா."

"இருப்பான்னா? நீ பாத்தியா?"

"நான் இங்கல்ல சார் இருக்கேன்."

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"தந்தியில தீக்காயம்னுதான் இருக்கு. வெடிச்சதுன்னு நீயா ஏன் சேத்துக்கிட்ட?"

அவனிடம் பதில் இல்லை.

"உங்கம்மாவுக்கும் அவளுக்கும் சண்டை உண்டா?"

"எல்லா வீட்லயும் உள்ளதுதான் சார்."

"எல்லா வீட்டையும் நான் கேக்கல. கடைசியா போன்ல அவகிட்ட என்ன சொன்ன?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அம்மாவோட அனுசரிச்சுப் போக முடியலன்னா உங்கப்பன் வீட்டுக்குப் போயிருன்னு சொன்னேன் சார். கோவத்துல."

"ஆக, நீ போன்னு சொன்ன. அவ தானே கொளுத்திக்கிட்டா. இல்ல, உங்கம்மா கொளுத்திட்டா. ரெண்டுல எது?"

கிரேன் ஓட்டும் பாகிஸ்தான் பட்டாணிக் கிழவர் எழுந்து, பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவனை அனுப்பிவிடு என்று இந்தியில் சொன்னார். "மாஃபி", கிடையாது என்று அரபியில் ஒரே சொல்லில் அவரை உட்கார வைத்துவிட்டார் வக்கீல். பிறகு கேள்விகள் திரும்பவும் ஆரம்பித்தன. ஸ்டவ் எங்கே இருந்தது, அம்மா எங்கே இருந்தாள், நகை எவ்வளவு போட்டார்கள். ஒவ்வொரு பதிலும் முந்தைய பதிலோடு முட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஒத்துக்கப்பா, சோறு ஆறுது."

"நான்தான் சார் காரணம்" என்றான் அவன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊருக்குப் போனா ஏர்போர்ட்லேர்ந்து நேரா லாக்கப்புதான். உன் நல்லதுக்குச் சொல்றேன், இங்கயே இரு. சோறு போடுங்கப்பா."

அடுத்த வாரமே அவள் இறந்துவிட்டாள். சேதி வந்த அன்று வக்கீல் அவனைக் கேபினுக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, "இப்பப் போய் என்ன பண்ணப் போற?" என்றாராம். அவனும் பிறகு லீவு கேட்கவில்லை. மறுநாளே சாரத்தில் ஏறிவிட்டான்.

எங்கள் கேம்ப்பில் வேலைநிறுத்தம் இல்லை, புகார் இல்லை என்று கம்பெனிக்கு வக்கீல் மேல் ரொம்ப மதிப்பு. எல்லா கேம்ப்புகளுக்கும் அவரையே தலைவராக்கி அபுதாபிக்கு அழைத்துக்கொண்டார்கள். கிளம்பும் நாளில் பிரியாணி போட்டார்கள். மாலை போட அவர் விரலை நீட்டிக் கூப்பிட்டது புதுக்கோட்டைக்காரனைத்தான். அவன் போய்ப் போட்டான். அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

சில வருஷம் கழித்து நான் துபாய் சத்வாவில் ஏசி ரிப்பேர் கடை ஒன்றில் இருந்தேன். புதுக்கோட்டைக்காரன் தேடிக்கொண்டு வந்தான். காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய், வேறு விசாவில் திரும்பியிருந்தான். டீக்கடையில் உட்கார்ந்தோம். நானாக எதையும் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"வெடிச்சதுதாண்ணே. அடைச்சுக்கிட்ட ஸ்டவ்வ பம்ப் அடிச்சிருக்கா. பக்கத்து வீட்டக்கா கண்ணால பாத்திருக்காங்க. எங்கம்மா சாக்கப் போட்டு அணைச்சு, ரெண்டு கையும் வெந்து போயி, விரல மடக்க முடியாது."

"அப்புறம் என்னப்பா? தெரிஞ்சு போச்சுல்ல?"

"தெரியுதுண்ணே." டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். "இருந்தாலும் சார் கேட்டப்ப எனக்குப் பதில் வரலியே. ஊர்ல இருந்த அத்தன நாளும் அம்மா கையால நான் ஒரு வாய் சாப்பிடலண்ணே. அது அந்தக் கைய வச்சுக்கிட்டு ஆக்கி வைக்கும். நான் போயி கடையில தின்னுட்டு வருவேன்."