லேப்டாப்பில்தான் கோளாறு

பெங்களூரில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நூலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் எங்கள் அறை. வைஃபை வரவில்லை என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் சொல்வது, "உங்க லேப்டாப்லதான் ஏதோ இருக்கும்." பதினோரு வருடத்தில் பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்திருக்கிறது. இல்லாத சமயங்களைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் நூலகக் கட்டடத்தில் லேப்டாப்புகள் வைஃபையிலிருந்து விழ ஆரம்பித்தன. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு இணைந்திருப்பதாகவே காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. நான் வைஃபை பெட்டிகள் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'லேப்டாப் கோளாறு' என்று எழுதினேன். அடுத்த வரிகளில் 'மேற்படி' என்று போட்டுக்கொண்டே போனேன்.

வந்தவர்களில் ஓர் ஆராய்ச்சி மாணவி. இதே ஊரில், ஆஸ்டின் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவளுடைய வாய்மொழித் தேர்வு இரண்டாம் மாடி அறையில் நடந்தது. தேர்வாளர் வெளிநாட்டிலிருந்து திரையில் வந்தார். இருபதாவது நிமிடத்தில் அவர் கேள்வி கேட்டு வாயை மூடுவதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுதேர்வு இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. அதையும் விட்டால் அந்தத் தேர்வாளர் மூன்று மாதத்துக்குக் கிடைக்க மாட்டார். மைசூரில் அவளுக்காக வைத்திருந்த வேலையோ மாதக் கடைசிக்குள் பட்டத்தைக் கேட்டது.

"எங்கம்மா எனக்கு நேரம் சரியில்லங்கறாங்கண்ணா. ஜோசியர்கிட்டயும் போயிட்டு வந்துட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஃபார்மட் பண்ணிடலாம்மா," என்றேன்.

ஜோசியரும் நானும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருந்தோம். கோளாறு அந்தப் பெண்ணிடம்.

ஃபார்மட் செய்த பிறகும் லேப்டாப் விழுந்தது. அவள் அழவில்லை, என் எதிரில் அழவில்லை. மறுதேர்வுக்கு முந்தின செவ்வாய், புதன் இரண்டு நாளும் நூலகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை விழும்போதும் நேரத்தையும் திரையில் தெரிந்த எண்ணையும் ஒரு தாளில் எழுதினாள். புதன் மதியம் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"நல்லா இருக்கறப்போ நம்பர் பத்துல ஆரம்பிக்குதுண்ணா. உழுந்துட்டா நூத்தித் தொண்ணூத்திரெண்டுல ஆரம்பிக்குது. சும்மனே எழுதி வெச்சேன், யூஸ் ஆகுமான்னு தெரியல."

தாளை இழுத்து மறுபடி படித்தேன். வைஃபைக்கு வரும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் எங்கள் பெரிய இயந்திரம் ஒரு எண் கொடுக்கும். ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. அந்த எண் பத்தில்தான் தொடங்கும். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, வீட்டுக்கு வாங்கும் சின்ன ரவுட்டர் கொடுக்கிற டோக்கன். அதை வாங்கிக்கொண்டு போனால் டாக்டர் கூப்பிடவே மாட்டார். யாரோ இந்தக் கட்டடத்தில் சொந்தமாக ஒரு ரவுட்டரைச் செருகியிருக்கிறார்கள். முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டிய விஷயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கோபமான கோபம். மாடி மாடியாக ஏறினேன். நூலகரின் மேசைக்கு அடியில் குனிந்தேன். ஜெராக்ஸ் போடுபவரை மிரட்டினேன். ஒரு பேராசிரியரின் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு மின்சாரக் கெட்டிலும் அரை டப்பா நிப்பட்டுத் தட்டையும் இருந்தன. அவரிடம் மன்னிப்புக் கேட்காமல், கெட்டிலும் விதிக்குப் புறம்பானது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அறைக்கு வந்து தண்ணீர் குடிக்க அண்ணாந்தேன். சாமி பட அலமாரியில், காய்ந்த செவ்வந்தி மாலைக்குப் பின்னால், நான்கு பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

நான் வைத்ததுதான். ஆயுத பூஜையன்று பெரிய இயந்திரங்களுக்குக் குங்குமம் வைக்க நான் விடுவதில்லை, உள்ளே விழுந்துவிடும். அதனால் பூஜைக்கென்று இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ரவுட்டரை எடுத்து வைத்தேன். "லைட் எரியாத மெஷினுக்கு பூஜை பண்ணக்கூடாது," என்றார் எங்கள் பிரிவுத் தலைவர் மேடம். மின்சாரம் கொடுத்தேன். ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. நான்கும் எரிந்தால் லட்சணமாக இருக்குமே என்று நெட்வொர்க் கேபிளையும் செருகினேன். பூஜை மாலையைக் காய்கிற வரை யாரும் எடுப்பதில்லை என்பது எங்கள் அறை வழக்கம். அன்றிலிருந்து அது குங்குமப் பொட்டோடு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிடுங்கினேன். மாலை வரை ஒரு லேப்டாப்கூட விழவில்லை. தப்பான ரவுட்டர் ஒன்றைப் பிடுங்கிவிட்டேன், இனி விழாது என்று மட்டும் அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

வியாழக்கிழமை தேர்வு அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம். இணைப்பு அறுபடவில்லை. கைதட்டல் கேட்டதும் சத்தமில்லாமல் கீழே வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பேடா டப்பாவோடு அவளும் வந்தாள்.

"யாருண்ணா வெச்சிருந்தாங்க அந்த ரவுட்டர?"

ஏதோ ஒரு டிபார்ட்மெண்ட் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, "நான்தான். பூஜைக்கு வெச்சேன்," என்றேன்.

அவள் பேடா டப்பாவை மேசையில் வைத்தாள். பிறகு போனில் யாரையோ அழைத்து என்னிடம் நீட்டினாள். "எங்கம்மா. நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

பார்த்தே இராத அந்த அம்மாவிடம் ரவுட்டர், கேபிள், மாலை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ எம் பொண்ணுக்கு நேரம் நல்லாதான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்குங்கம்மா."

"ரெண்டு வாரமா ராத்திரி பகலா அழுதுச்சு தம்பி. நானும் சேர்ந்து திட்டினேன். எங்கிட்ட சொன்னத அது மூஞ்சியப் பாத்து சொல்லுப்பா."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. மானிட்டரிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"உங்க லேப்டாப்ல ஒண்ணுமில்லம்மா," என்றேன்.