நல்லதாகப் பார்த்துக் கொடுத்த சளி

வீடு வீடாகப் போய், "கொஞ்சம் இருமித் துப்பிக் கொடுங்க" என்று கேட்பதுதான் எங்கள் வேலை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இதையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொல்லி, ஆராய்ச்சி செய்தவர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. ஆனால் கூப்பிடாத வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள், நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

எழுபதுகளில் செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து, மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களில் எங்களை இறக்கிவிடுவார்கள். காசநோய்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரை வாங்குவது நல்லதா, மாத்திரையே அவர்கள் வீட்டுக்குப் போவது நல்லதா என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. எதில் அதிகம் பேர் பிழைக்கிறார்களோ அதை நாடு முழுக்கச் செய்வார்களாம். சாயங்காலம் மூடி போட்ட டப்பாவைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் துப்பி வைத்ததை வாங்கி வருவது என் பங்கு.

காற்றுப் பக்கம்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். நோயை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவேனோ என்று, குளிக்காமல் உள்ளே நுழைய மாட்டேன். குப்பத்தில் யாரிடம் பேசினாலும், காற்று என் முதுகுப் பக்கமிருந்து அவர்கள் பக்கம் போகிற மாதிரி பார்த்துத்தான் நிற்பேன். காற்று திரும்பினால் நானும் திரும்புவேன்.

அஞ்சலை மீன் விற்கிறவள். அவள் புருஷன் கன்னியப்பன் மாசக்கணக்கில் இருமி இளைத்து, கட்டுமரம் ஏற முடியாமல் படுத்திருந்தான். அவனுடைய அண்ணன், அதாவது அஞ்சலையின் மச்சாண்டார்தான் கடலுக்குப் போய்க் கொண்டிருந்தார். அவள் வாசலில் நான் இடம் மாறி மாறி நிற்பதைப் பார்த்துவிட்டு அஞ்சலை சொன்னாள்: "இன்னாக்கா, இந்தச் சுத்து சுத்துற? வா, கட்டுமரத்துல வந்து குந்து. காத்து பாக்க ஆளு வேணும்னு எங்க மச்சாண்டாரு தேடிகினு கீறாரு."

நல்ல நெஞ்சு

கன்னியப்பன் பேர் ஒட்டிய டப்பாவைச் சோதித்துவிட்டு, "கிருமியே இல்லையே!" என்றார் டாக்டர். மறுபடி வாங்கச் சொன்னார். மறுபடியும் இல்லை. கிருமி தெரிந்தால்தான் மாத்திரை தருவார்கள். அவனோ நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாகிக் கொண்டிருந்தான்.

மூன்றாம் முறை விடியும்போதே போய் நின்றேன். வாசலில் உட்கார்ந்து டப்பாவுக்குள் இருமிக்கொண்டிருந்தது கன்னியப்பன் இல்லை, அவன் அண்ணன் தேசப்பன். ஆள் கருங்கல் மாதிரி இருப்பார். வராத சளியை வரவழைக்கக் கண்ணில் தண்ணீர் முட்ட முக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பதறிவிட்டது. "ஐயோ, என்ன காரியம் பண்றீங்க! இதனாலதான் உங்க தம்பிக்கு மாத்திரை வரலை" என்றேன். அவர் முகத்தில் கள்ளத்தனமே இல்லை. "ஏம்மா, டாக்டரு கைக்குப் போறது. வந்தவங்களுக்கு மீனு குடுத்தாக்கூட நல்லதா பொறுக்கித்தான குடுப்போம்? நோவு புடிச்சதையா குடுப்பாங்க? இந்தக் குப்பத்துலியே நல்ல நெஞ்சு என்னுதுதான்."

வாயைத் திற

வேறு டப்பா எடுத்துக்கொண்டு உள்ளே போய், கன்னியப்பன் இருமி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். குடிசைக்குள் காற்றுக்கு எந்தப் பக்கமும் இல்லை. இந்த முறை கிருமி இருந்தது. கிருமி இருந்ததற்காக ஒரு வீடே சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அஞ்சலை தன் கூடையிலேயே பெரிய வௌவால் மீனை என் பையில் திணித்தாள்.

அவர்கள் குப்பம், மாத்திரை வீட்டுக்கே போகிற குப்பங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் விழுங்க வேண்டும். விழுங்கினானா என்று வாய்க்குள் எட்டிப் பார்ப்பதும் என் வேலையானது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். வாயை மூடியதும் அவன் கேட்பான்: "நல்லா பாத்தியாக்கா? நண்டு எதுனா பூந்துகினு கீதா?"

உன்னுது

கன்னியப்பன் தேறி, அண்ணனோடு மறுபடி கட்டுமரம் ஏறினான். அதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. சுக்கு, மிளகு, துளசி எல்லாம் தின்று பார்த்தேன். டம்ளரைத் தனியாக வைத்தேன். பிள்ளைகளைத் தள்ளிப் படுக்கச் சொன்னேன். டப்பாவில் மட்டும் துப்பவில்லை. துப்பினால் தெரிந்துவிடுமே!

ஒரு நாள் அஞ்சலை வாசலிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. அவசரமாக விலகி, என் மூச்சு அவள் பக்கம் போகாத இடமாகப் பார்த்து நின்றேன். அவள் கூடையை இறக்கிவிட்டு நேராக வந்து என் முதுகைத் தடவினாள். பிறகு என் பைக்குள்ளிருந்தே ஒரு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். "பக்கத்து வூட்டுல நல்லதா பாத்து வாங்கிகினு பூடாதக்கா. உன்னுதையே குடு."

அத்தனை நாள் காற்றுக்குத் தகுந்தபடி சுற்றிச் சுற்றி நின்ற நான், பத்திரமாக இருக்கக் கடைசியில் செய்தது, ஊராரிடம் கேட்டதை நானே இருமிக் கொடுத்துவிட்டு, அஞ்சலை எதிரில் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டியதுதான்.