ஒரு அங்குல முடியோடு திருமலைக்கு

திருமலைக்கு எப்படிப் போவது என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வேறு. எழுந்து நிற்க முடியாத, இனிமேல் குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் மலையேறி இறங்கிய கதை இது. "இதெல்லாம் ஆகிற காரியமா" என்று கேட்டு எனக்கு மாதம் இரண்டு போனாவது வருகிறது. ஆகும். நாங்கள் செய்தோம்.

நான் நர்ஸ். இருபத்திரண்டு வருடம் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு சித்தூருக்குத் திரும்பி வந்தேன். இப்போது ஒரு டாக்டரோடு சேர்ந்து, கடைசிக் காலத்தில் இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. கோவிந்தம்மா அப்படி எனக்குக் கிடைத்தவள். பாலசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊர், நாற்பத்தேழு வயது. அவளும் குவைத்தில்தான் பதினாலு வருடம் இருந்தாள், ஒரு வீட்டில் சமையல் வேலை. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் ஒரு ஏக்கர் நிலம் வாங்கி போர்வெல் போட்டது அவள் சம்பளத்தில்தான். மார்பில் கட்டி வந்ததை ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் வருகிறது.

நோய் முதுகெலும்பு வரை பரவி, கீமோ ஊசி இனிப் போதும், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதத்தில்தான் முடி திரும்ப வந்தது. ஒரு அங்குலம், குழந்தை முடி மாதிரி மெத்தென்று. குவைத்துக்குப் போகும்போதே மலைக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டவள். லீவில் வந்தபோதெல்லாம் ஏதோ ஒரு வேலை, தள்ளிப்போனது. அப்புறம் ஊசி போட்டு மொத்தமாகக் கொட்டிவிட்டது. "இப்ப வந்துகீதுக்கா, இப்பவே குடுத்துடணும்" என்றாள். ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமையைப் பிடித்தோம். புரட்டாசியில் இந்த மாதிரி யோசனையே வேண்டாம், கூட்டத்தில் நசுங்கிவிடுவோம்.

முதலில் வழி. பாலசமுத்திரத்திலிருந்து கார்வேட்டிநகரம், புத்தூர் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர் மிச்சம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நான் முந்தைய வாரமே பஸ்ஸில் அந்த வழியே போய்ப் பார்த்தேன். பஸ் குலுங்கின குலுங்கலில் என் முதுகே வலித்தது, அவள் முதுகு என்ன ஆகும்? சித்தூர், சந்திரகிரி வழிதான் என்று சொல்லிவிட்டேன். பாலசமுத்திரத்திலிருந்து சித்தூர் 36, அங்கிருந்து அலிபிரி 72, மலைச் சாலை 19, ஆக 127 கிலோமீட்டர். ஏழு பேர் உட்காரும் வண்டி, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். டிரைவர் ரெட்டெப்பா, பலமனேர்காரர். "ஸ்பீடு பிரேக்கர்ல இருவதுக்கு மேல போனா நான் இறங்கிடுவேன்" என்று முதலிலேயே மிரட்டி வைத்தேன். "மேடம், நான் தக்காளி லோடு ஓட்டினவன். ஒண்ணுகூட நசுங்காம பெங்களூர் சேத்திருக்கேன்" என்றார். சரி, விஷயம் தெரிந்த ஆள்தான்.

காலை ஆறுக்கு அவர்கள் வீட்டில் இருந்தேன். எங்கள் பயணத்தின் டைம்டேபிள் சாமி போட்டதல்ல, வலி மாத்திரை போட்டது: ஆறு, பத்து, இரண்டு, ஆறு. முதல் மாத்திரை கொடுத்து, மார்பில் இருந்த புண்ணைக் கழுவி, வாடை வராமல் இருக்க டாக்டர் சொன்ன பொடியைப் போட்டுக் கட்டினேன். அவளுக்கு வலியைவிட அந்த வாடைதான் பெரிய பயம். பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களோ என்று. நான் குனிந்து மோந்து பார்த்து, "சோப்பு வாசனைதான் வருது, பேசாம இரு" என்றேன்.

அப்போதுதான் அதைச் சொன்னாள். "அக்கா, அவரு என்ன நினைச்சிக்கினு கீறாருன்னு தெரியும்ல? முடி வந்துட்ச்சி, உடம்பு தேறிட்ச்சின்னு நினைச்சிக்கினு கீறாரு."

தெரியும். அவள் புருஷன் நாகராஜ் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போதும் என்று டாக்டர் சொன்னதை, ஊசி போட்டு முடித்தாயிற்று, வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்ட மனுஷன். நாளாக நாளாக முடி வளர்ந்ததும் அது உறுதியாகிவிட்டது.

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நீ சொன்னா உன்னண்ட சண்டைக்கு வருவாரு. மலைல நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத."

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எனக்குக் கொடுக்கக்கூடாத வேலை அது. ஆனாலும் தலையாட்டினேன்.

7.10க்குக் கிளம்பினோம். முன்சீட்டை நன்றாகச் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று. பின்சீட்டில் படுக்க வைத்தால் சுகமாக இருக்கும் என்று பலர் நினைப்பார்கள், முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு அது தப்பு, திருப்பத்துக்குத் திருப்பம் உடம்பு உருளும். சித்தூர் 8.20. இட்லி வாங்கினோம், அவள் அரை இட்லி தின்றாள். 9.40க்கு சந்திரகிரி தாண்டுவதற்குள் நிழலாகப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். பத்து மணி மாத்திரையைப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே, கூடவே வாந்திக்கு ஒன்று. மலைச் சாலை ஏறும் நேரத்தில் மருந்து வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

அவள் கண்ணாடி வழியே கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகராஜ் என்னை வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அவளண்ட சொல்லாதீங்க. திங்கக்கெழமை பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரில டைம் வாங்கிட்டேன். அடுத்த கோர்ஸ் ஊசி. இப்பதான் உடம்புல தெம்பு வந்துட்ச்சே, தாங்கும்."

"அவங்கள கேட்டீங்களாண்ணா?"

"கேட்டா வேணாம்னுவா. செலவாவுதுன்னு பாப்பா. அவ எனக்காகப் பதினாலு வருசம் போனா, நான் அவளுக்காக இதுகூடப் பண்ணலன்னா எப்டி?"

நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினேன். என் வேலையில் ஊசி போடுவதைவிட இதுதான் கஷ்டம். பெங்களூர் போனால் அவள் திரும்பி வீட்டுக்கு வருவது சந்தேகம்தான் என்று எனக்குத் தெரியும். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் யாருக்கோ போன் போட்டு, திங்கட்கிழமை என்று தணிந்த குரலில் பேசினார். முன்சீட்டில் ஒரு அசைவும் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

அலிபிரி சோதனைச் சாவடி 10.25. எல்லோரும் சாமான்களோடு இறங்க வேண்டும். வலி மாத்திரைக்கு டாக்டர் கடிதம் கையில் இருந்ததால் கேள்வி ஒன்றோடு முடிந்தது. அவளை இறக்க முடியாது என்றேன், காவலர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "கூச்சோனிண்டி, உட்காரட்டும்" என்று விட்டுவிட்டார். மேலே 11.20. ரெட்டெப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், தக்காளி நசுங்கவில்லை.

சக்கர நாற்காலியில் கல்யாணகட்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம், முடி எடுக்கும் மண்டபம் அது. கட்டணம் கிடையாது. பெண்களுக்கு முடி எடுக்கப் பெண்களே இருக்கிறார்கள். கீழே உட்கார முடியாது என்றதும் ஒரு அம்மாள் தானே எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். தோல் மெலிசு, கீறக் கூடாது என்றேன். புது பிளேடை என் கண்ணெதிரே மாட்டிக் காட்டி, "ஒரு வயசு பிள்ளைக்கே எடுக்கிறேன்ம்மா, பயபடகண்டி, பயப்படாதீங்க" என்றார்.

அப்போது நாகராஜ் சட்டைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். உள்ளே முடி. கறுப்பும் நரையுமாக, நீள நீளமாக, சுருட்டி நூல் கட்டி.

"இதையும் சேத்துக்கோம்மா. ஆஸ்பத்திரில கொட்டினது. தலகாணில இருந்து ஒண்ணு விடாம எடுத்து வெச்சிக்கினு இருந்தேன்."

எனக்கே தெரியாத விஷயம் இது. கோவிந்தம்மாவுக்கும் தெரியாது. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், அது கொட்டினது. இதுதான் நான் குடுக்கறது."

"ரெண்டும் உன் முடிதானே."

"கேளு. ஊசி போட்டாங்க, கொட்டுச்சி. ஊசிய நிறுத்தினாங்க, வளந்துச்சி. அவ்ளோதான். ஒடம்பு தேறி வந்த முடி இல்ல இது." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "திங்கக்கெழமைன்னு போன்ல பேசினியே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நான் வரல. பதினாலு வருசம் அடுத்தவங்க வீட்ல இருந்தேன். மிச்சம் இருக்கறத என் வீட்ல இருந்துக்கறேன். அதுக்குத்தான் இன்னிக்கி இங்க வந்தேன், உன்னண்ட இத சொல்லிட்டுப் போக."

நாகராஜ் என்னைப் பார்த்தார். பொய் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்த பார்வை. அப்படி இல்லை என்று நான் தலையாட்டவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

முடி எடுத்து முடிய நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கீறல் இல்லை. தலையைத் துடைத்து, சந்தனம் பூசி, நிழலில் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஆளைக் காணோம். வாசல் பக்கம் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்தைந்தாவது நிமிடம் ஒரு மொட்டைத் தலை எங்களைப் பார்த்து வந்தது. மஞ்சள் பை காலியாக, மடித்து, சட்டைப் பாக்கெட்டில் இருந்தது.

கோவிந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உன் மண்டை கோணலா கீதுய்யா. இத்தினி வருசம் தெரியாம போச்சி."

அவர் சிரிக்கப் பார்த்து அழுதார். நானும்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது.

தரிசன வரிசைக்கு அவள் உடம்பு தாங்காது, அவளும் கேட்கவில்லை. கோபுரம் தெரிகிற இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தினோம், கும்பிட்டாள், லட்டு ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு மணி மாத்திரை கொடுத்து இறங்கினோம். பாதி வழியில் பின்சீட்டிலிருந்து நாகராஜ் கேட்டார்.

"ஊசி போடலன்னா முடி வளரும்ல சிஸ்டர்?"

"வளரும்ண்ணா."

"வளரட்டும்." போனை எடுத்து, திங்கட்கிழமை வரவில்லை என்று சொல்லி வைத்தார். வீடு சேர்ந்தபோது மணி ஆறு.

இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: டாக்டர் கடிதத்தை மாத்திரையோடு சேர்த்தே வையுங்கள். மாத்திரை நேரத்தைச் சுற்றிப் பயணத்தை வையுங்கள், பயணத்தைச் சுற்றி மாத்திரையை அல்ல. மாற்றுத் துணி, ஈரத் துண்டு, படுக்கைப் பாத்திரம், தூக்குவதற்கு ஒரு கெட்டியான போர்வை அவசியம். வழியில் திரும்ப வேண்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, போகிறவர் எதற்காகப் போகிறார் என்று அவரிடமே கேளுங்கள். கூட வருகிற நாம் நினைத்துக்கொண்டிருப்பது வேறாக இருக்கும்.

கோவிந்தம்மா அதற்கப்புறம் ஐம்பத்திரண்டு நாள் இருந்தாள், தன் வீட்டில். புண் கட்டுவதை நாகராஜ் என்னைவிடச் சுத்தமாகக் கற்றுக்கொண்டார். தினமும் காலையில் அவள் தலையை ஒரு தடவை தடவுவார், தன் தலையை ஒரு தடவை. ஒரே நாளில் எடுத்தது, ஒரே அளவில் வந்துகொண்டிருந்தது. பேக்டரி வேலையிலிருந்து வந்த ஒரே மகள் பக்கத்தில் இருக்க, அதிக வலியில்லாமல் ஒரு மத்தியானம் போனாள்.

மகன் இல்லாததால் காரியம் செய்ய வேண்டியவர் நாகராஜ்தான். மொட்டை போட முடிதிருத்துபவர் வந்து தண்ணீரைத் தொட்டு அவர் தலையில் கை வைத்தார். நாகராஜ் அந்தக் கையை மெல்ல விலக்கினார். பெரியவர்கள் என்னென்னவோ சொன்னார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா குடுத்தாச்சி" என்றார். "இது அவளோட சேந்து வளந்தது. இருந்துட்டுப் போவட்டும்."