வேன்ல உட்காராத கனிஷ்கா

ஸ்கூல் வேன் ஓட்டுறவனுக்குக் கண்ணு முன்னாடி ரெண்டு போதும். காதுதான் முதுகுப் பக்கம் இருபத்தாறு வேணும். நன்னிலத்தைச் சுத்தியிருக்கிற கிராமங்கள்ல பிள்ளைகளை ஏத்தி இறக்கிப் பதினோரு வருஷம் ஓட்டினேன். தோள்பட்டை வலி வந்து வேனை வேற ஆளுக்குக் கொடுத்து நாலு வருஷம் ஆகுது. இப்பவும் காலையில ஏழரை மணிக்கு எங்கேயாவது "மாமா, இவன் கிள்ளுறான்"னு சத்தம் கேட்டா, கை தானா ஸ்டியரிங்கைத் தேடுது. இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்ட சகோதரர்களே, உங்க வேன்லயும் ஒரு கனிஷ்கா இருப்பா. தலையில அடிச்சுக்கிட்டே இருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க, என் கதையைக் கேட்டுட்டு அடிச்சுக்குங்க.

ஆறு சீட்டு

கனிஷ்கா நாலாம் வகுப்புக்குப் புதுசா வந்தா. அவளுக்கு அது மூணாவது ஸ்கூல். அப்பா சிங்கப்பூர்ல. அம்மா செல்வி குத்தகை நிலத்தையும் பார்த்துக்கிட்டு இவளையும் பார்த்துக்கிட்டுத் தனியா அல்லாடுனாங்க. ஊரு மெயின் ரோட்டுலேர்ந்து நாலு கிலோமீட்டர் உள்ள. டவுன் பஸ் ஸ்கூல் நேரத்துக்கு வராது. என் வேன் இல்லைன்னா அவளுக்கு ஸ்கூலே இல்லை.

என் வேன்ல ஆளுக்கு ஒரு சீட்டு, அது சட்டம். ஏறின அன்னிக்கே இவ ஆறு சீட்டு மாறினா. தண்ணி பாட்டிலை ஜன்னல் வழியா வாய்க்கால்ல விட்டுட்டா. பேன்ட்டைச் சுருட்டிக்கிட்டு இறங்கி எடுத்தது யாரு? நான்தான். எடுத்துட்டு வந்து பார்த்தா ஏழாவது சீட்டுக்குத் தாவிக்கிட்டு இருக்கா. "ஒரு எடத்துல உட்காரத் தெரியாதா உனக்கு?"ன்னு கத்தினேன். கொஞ்சங்கூடத் திமிர் இல்லாம, நிஜமாவே புரியாம என்னைப் பார்த்துச் சொன்னா:

"உட்கார்ந்துதானே மாமா இருக்கேன், எல்லா எடத்துலயும்."

நாற்பது பக்க நோட்டு

அரைப்பரீட்சை சமயத்துல செல்வி அவளைத் தஞ்சாவூர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தாங்க. ஏடிஎச்டின்னு சொன்னாராம். எனக்குக் காய்ச்சல் மாதிரி ஏதோன்னு தோணுச்சு. செல்விதான் விளக்கினாங்க: கவனமும் கை காலும் ஒரு எடத்துல நிக்காத பிள்ளைங்க இருக்காங்க, அது திமிரும் இல்லை, வளர்ப்பும் இல்லை, மூளை வேலை செய்யற விதமே அப்படி. அவ எதுல கெட்டின்னு பார்க்கறவங்க எல்லாரும் எழுதிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

அதுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில கொடுத்தாங்க. போக வர தினம் ஒன்றரை மணி நேரம் என் வேன்லதானே இருக்கா! நான் சும்மா இருப்பேனா? "நல்லதுன்னு எழுத என்னம்மா இருக்கு, நோட்டுக் காலியாத்தான் வரும்"னு சொல்லிட்டேன். இப்ப நெனச்சா நாக்கைக் கடிச்சுக்கத் தோணுது. அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு. ஆனா நோட்டைத் திரும்ப வாங்கிக்கல.

"கெட்டதைச் சொல்ல நிறைய பேர் இருக்காங்கண்ணே. உங்க கண்ணுல எப்பவாவது ஒரு நல்லது பட்டா, அதை மட்டும் எழுதுங்க."

ஷூ போட்டு நெல்லு காயவச்சது

தை மாசம் அறுவடை. நம்ம பக்கம் ரோடுன்னா பாதி வண்டிக்கு, பாதி நெல்லுக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் எதிர்ல அறுவடை மெஷின் வந்து நின்னுடுச்சு. நெல்லு மேல ஏத்தாம நகர முடியாது. ஏத்தினா நெல்லுக்காரம்மா என்னை உரிச்சுடும். காத்திருந்தோம். இருபது நிமிஷம் கழிச்சுத் திரும்பிப் பார்த்தா கனிஷ்கா வேன்ல இல்லை.

இறங்கி ஓடினா, காயுற நெல்லுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டு இருக்கா. அடி நெல்லு மேல வர்றதுக்குக் காலால அளைஞ்சு விடுவாங்களே, அதே மாதிரி, ஷூவோட! கோடு கோடா, பாத்தி கட்டின கணக்கா. கையை ஓங்கிக்கிட்டுப் போனேன். நெல்லுக்காரம்மா குறுக்க வந்து என்னைத் தடுத்துச்சு.

"புள்ளைய வையாதீங்க தம்பி, காலையிலேர்ந்து ரெண்டு பேர் பார்த்த வேலைய ஒத்தையா முடிச்சுட்டு நிக்குது!"

பஞ்சர்

அன்னிக்கும் நோட்டுல எழுதல. ரோஷம். அடுத்த மாசம் பின் டயர் பஞ்சர். மத்த பிள்ளைங்க எல்லாம் கடையைச் சுத்தி ஓடிப் பிடிச்சு விளையாட, இவ மட்டும் பஞ்சர்காரர் தொட்டி முன்னால குத்த வச்சு உட்கார்ந்துட்டா. டியூபைத் தண்ணியில அமுக்கி, காத்து முட்டை முட்டையா வர்றதைப் பார்த்தா பாருங்க, கண்ணைச் சிமிட்டல. அரை மணி நேரம்! ஒட்டு போட்டு முடிச்சாச்சு, மாட்டலாம்னப்ப, "இன்னொரு எடத்துல பொடிசா முட்டை வந்துச்சு"ன்னா. அவர் நம்பல. திரும்ப அமுக்கினா, ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை. நானும் பார்க்கல, அவரும் பார்க்கல. அன்னிக்குத்தான் நோட்டுல முதல் வரி எழுதினேன். பஞ்சர்காரர் கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்:

"இதையா ஒரு எடத்துல உட்காராதுன்னு சொல்றீங்க? இங்கேர்ந்து எழுப்ப முடியலையே!"

கொலுசு

ஒரு வரி எழுதினதும் நான் திருந்திட்டேன்னு நெனச்சுடாதீங்க. மார்ச்ல மத்த பெத்தவங்க புகார் மேல புகார். ஸ்கூல் ஆபீஸ்ல, "நீங்க ஒரு லெட்டர் கொடுங்க, அவளை வேன்லேர்ந்து எடுத்துடலாம்"னாங்க. எழுதிட்டேன். நோட்டுல ஒரு வரிக்கு மூணு மாசம் ஆச்சு, லெட்டர் ரெண்டு பக்கம் பத்து நிமிஷத்துல வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். அன்னிக்கு வேன் ஆயா லீவு. ஸ்கூல்ல எல்லாரும் இறங்கினாங்க, கண்ணாடியில பின்னால பார்த்தேன், சீட்டெல்லாம் காலி. ஜன்னலைச் சாத்திப் பூட்டிட்டு எதிர்க் கடைக்கு டீக்குப் போனேன். சீட்டைத்தான் பார்த்தேன், சீட்டுக்கு அடியில பார்க்கல. நான் பண்ணின தப்பு அது.

டீ பாதி குடிக்கல, பிரேயர் லைன்லேர்ந்து கேட்டைத் தாண்டி ஓடி வர்றா கனிஷ்கா. பின்னாலேயே விசில் ஊதிக்கிட்டு பி.டி. சார். "மாமா, மித்ரா கொலுசுச் சத்தம் வேன்லேர்ந்து இறங்கவே இல்லை!"ங்கிறா. மித்ரா எல்கேஜி குழந்தை. "போய் லைன்ல நில்லுடி"ன்னு விரட்டினேன். அவ கேட்கல. மேஜை மேல இருந்த சாவியைப் பிடுங்கிக்கிட்டு ஓடினா. பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். கடைசி சீட்டுக்கு அடியில, வேர்வையில நனைஞ்சு, பையைக் கட்டிப் பிடிச்சுத் தூங்குது அந்தக் குஞ்சு. தூக்கி வெளியில கொண்டாந்து தண்ணி தெளிச்சதும் கண்ணு முழிச்சு அழுதுச்சு. அந்த அழுகை மாதிரி ஒரு சத்தத்தை நான் பொறந்ததுலேர்ந்து கேட்டதில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா? ரோட்டுலேயே உட்கார்ந்து அழுதேன். பி.டி. சார் விசிலைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறார். இருபத்தாறு பேரோட சத்தத்தையும் தனித்தனியா காதுல வாங்கியிருக்கா, கவனமில்லாத பிள்ளைன்னு நாங்க எல்லாரும் சொன்னவ! கனிஷ்கா மெதுவா கிட்ட வந்து, என் சட்டைப் பையைப் பார்த்துக்கிட்டே கேட்டா. லெட்டர் விஷயமும் அவ காதுல விழுந்திருக்கு.

"அப்ப நாளைக்கும் நான் வேன்ல வரலாமா மாமா?"

நோட்டு நிரம்பின கதை

லெட்டரை அங்கேயே கிழிச்சேன். ஆபீஸ்லயும் மித்ரா அப்பாகிட்டயும் நானே போய் என் தப்பை ஒத்துக்கிட்டேன். அந்த மனுஷன் என்னை அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். குழந்தையை மடியில வச்சுத் தலையைத் தடவிக்கிட்டே இருந்தார். அன்னிக்கு வேன்லேர்ந்து எடுக்க வேண்டிய ஆள் நான்தான். அப்புறம் எட்டாவது முடிக்கிற வரைக்கும் கனிஷ்கா என் வேன்லதான் வந்தா. அவளுக்குச் சீட்டு சட்டம் கிடையாது. எல்லாரும் இறங்கினதும் நானும் அவளும் கடைசி சீட்டு வரைக்கும் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் பூட்டுவோம். நான் மறந்தாலும் அவ விடமாட்டா. நோட்டு நாற்பது பக்கமும் நிரம்பி, அட்டைக்கு உள்பக்கத்துலயும் எழுதினேன். நெல்லு அளைஞ்சதையும் சேர்த்துத்தான்.

வேனைக் கொடுத்த அன்னிக்கு நோட்டைச் செல்வி கையில கொடுத்தேன். ராத்திரி ஃபோன்ல வீட்டுக்காரருக்கு முழுசும் படிச்சுக் காட்டியிருக்காங்க. மறுநாள் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க:

"கேட்டு முடிச்சுட்டு, 'இது நம்ம புள்ளைதானா, இன்னொரு தடவ படி'ன்னார்ண்ணே."

உட்காரு உட்காருன்னு பதினோரு வருஷம் தொண்டை கிழியக் கத்தின எனக்கு, உட்காராத ஒருத்தியாலதான் இன்னிக்குப் படுத்தா தூக்கம் வருது.