ஏலக்காய் வீட்டில் சோம்புத் தண்ணி

போன வாரம் மதுரையில் ஒரு ஹோட்டல். சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு ஒரு தட்டில் சோம்பு வந்தது. கூட வந்த நண்பர் விடவில்லை. “சார், இதுல நார்ச்சத்து, கால்சியம், இரும்புச்சத்து... வயித்து உப்புசத்துக்கு அருமருந்து!”

இருக்கட்டும். எங்க அக்கா கல்யாணமே சோம்பால்தான் நடந்தது — அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எழுபதுகளின் கடைசி. அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரே மருந்து. தலைவலியா? ஏலக்காய். பரீட்சை பயமா? ஏலக்காய். சோம்பு? அது கறிக்குழம்புக்குள் கிடக்க வேண்டிய சாமான். விருந்தாளி கண்ணில் படக்கூடாது!

அக்காவைப் பெண் பார்க்க, போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டிலிருந்து மாப்பிள்ளை வந்தார். காய் உலர்த்தும் ஸ்டோரில் சூப்பர்வைசர். நாளெல்லாம் ஏலக்காய் வாசம். வந்ததாவது வேறு வண்டியா? ஏலக்காய் மூட்டை லோடு ஏற்றிய ஜீப்பு! கொண்டை ஊசி வளைவெல்லாம் குலுங்கி இறங்கியதில் முகம் வெளுத்து, வயிறு உப்பி...

எங்க வீட்டில் என்ன? ஏலக்காய் போட்ட கேசரி. ஏலக்காய் போட்ட பாயசம். அக்கா கொண்டுவர வேண்டிய டீயிலும் ஏலக்காய். மெல்லுவதற்குக் கொழுத்த காயாகத் தனியே ஒரு தட்டு — ஊர் கௌரவம் ஆயிற்றே! மனுஷன் கேசரியில் ஒரு வாய் வைத்தார். தட்டைத் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“மதி... போதும் மாமா.” மலையில் இருப்பவர்களுக்கு இந்த ‘மதி’ மாதிரி மலையாளம் ஒட்டிக்கொள்ளும்.

அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நேரே அடுப்படிக்கு வந்தார். “நம்ம காயையே வேணாம்ங்கிறான்! இவனுக்கா பொண்ணு? வெரசா அனுப்பி விடுங்க!”

அக்கா முகம் செத்துப்போனது. கதவிடுக்கில் பார்த்தபோதே அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டிருந்தது.

“அய்யோ அப்பா, அவரு வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அதுகூடவா தெரியல?”

மசாலா டப்பாவிலிருந்து சோம்பை அள்ளிக் கொதிக்கவிட்டாள். டீக்குப் பதில் அந்தத் தண்ணியோடு கூடத்துக்குப் போனாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை குடித்தார். அப்புறம் வந்தது பாருங்கள் ஓர் ஏப்பம்... தெருவே திரும்பிப் பார்த்தது! அப்போதுதான் மனுஷன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். சிரித்தார்.

“பொண்ணைப் பிடிச்சிருக்கு மாமா. இன்னொரு டம்ளர் கிடைக்குமா?”

கல்யாணத்துக்கு அப்பா சம்மதித்தார். சோம்பை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

“சோம்பாவது மண்ணாவது! கேசரில ஒரு வாய் வச்சாருல்ல... அந்த ஏலக்காதான்டா லேட்டா வேலை செஞ்சுச்சு!”