இறங்கிய எடை

நான் மாட்டுத் தரகன். உசிலம்பட்டி சந்தையில் யாராவது தன் மாட்டைப் பற்றி நல்லதாகச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து வயிற்றை உப்பவிட்டு, நல்லா மேய்ந்த மாடு என்று நம் தலையில் கட்டிவிடுவார்கள். தொட்டு அமுக்கிப் பார்க்காமல் நான் எதையும் முடிப்பதில்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அடுத்த பிள்ளை உண்டானதும் என் மனைவி தாய்ப்பாலை நிறுத்திவிட்டாள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அப்புறம் கஞ்சித் தண்ணியும் டீயில் நனைத்த ரஸ்க்கும்தான். கன்னமும் காலும் பூரித்து வந்தபோது பிள்ளை தேறிவிட்டதென்று சந்தோஷப்பட்டேன். அங்கன்வாடி டீச்சர்தான் பாதத்தைப் பெருவிரலால் அமுக்கிக் காட்டினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"அண்ணே, இது சதை இல்ல, வீக்கம். சத்துக் கொறைஞ்சு வர்றது. இன்னைக்கே மதுரைக்குக் கொண்டு போங்க."

ஆள் அனுப்பினால் இவருக்கு அங்கே ஏதோ கமிஷன் கிடைக்கும்போல என்றுதான் என் தொழில் புத்தி சொன்னது. மனைவி பிடிவாதம் பிடித்ததால் போனேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன டம்ளரில் கொஞ்சம் பால் கொடுத்தார்கள். சற்று நேரம் கழித்து மறுபடி அதே கொஞ்சம். இதென்ன கணக்கு என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"ஒரேடியாக் குடுத்தா ஒடம்பு தாங்காதுண்ணே. வெளிய வாங்கி எதுவும் குடுத்துறாதீங்க. உப்புப் போட்டது வேணவே வேணாம்."

தினமும் எடை போட்டார்கள். எடை இறங்கிக்கொண்டே போனது. தராசு மேல் சந்தேகப்பட்டு, கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. கன்னம் ஒட்டி, பிள்ளை முகம் அடையாளமே மாறிவிட்டது. எனக்குப் பயமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த துணி மூட்டையை வெளியே இழுத்தேன்.

"கெளம்பு. ஆரப்பாளையம் போயி பஸ் ஏறுவோம். கொணமாக்கச் சொன்னா பட்டினி போட்டுல்ல வச்சிருக்காக."

என் மனைவி எழுந்திருக்கவில்லை. "அந்தக் காலை அமுக்கிப் பாருங்க" என்றாள்.

அமுக்கினேன். குழி விழவில்லை. தோலுக்கு அடியில் எலும்புதான் தட்டுப்பட்டது.

"வடிஞ்சது அம்புட்டும் தண்ணி. சந்தையில உப்பித் தெரிஞ்சா நம்ப மாட்டீங்க. வீட்டுல மட்டும் ஏன் நம்புனீங்க?"

என் மகளின் நிஜமான கால் இதுதான், இம்புட்டுதான். மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் திரும்பத் தள்ளினேன்.

அடுத்த வேளைப் பால் வந்தது. அதுவரை பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த என் மகள், அன்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் குடித்தாள். முடிந்ததும் இன்னும் வேண்டுமென்று வீறிட்டு அழுதாள்.

"பசி வந்துருச்சு. இனிக் கூட்டிக் குடுக்கலாம்" என்றார் சிஸ்டர்.

டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.