முழங்கால் நனையாத வாட்ச்காரர்

லாட்ஜ் ஞானசேகர் சார் செத்துப்போய்விட்டாராம்.

காலையில் என் பெண்டாட்டியின் தம்பி ஏகாம்பரம்தான் போன் செய்தான். "லாட்ஜ்காரு பூட்டாரு மாமா. நெஞ்சுவலியாம்."

நான் கேட்ட முதல் கேள்வி... "கையில இன்னா வாட்ச் கட்டிகினு கீறாரு?"

"இன்னா மாமா நீ, மனுசன் செத்துக் கெடக்கறாரு, வாட்ச கேட்டுகினு கீற?"

கேட்பேன். காரணம் இருக்கிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எழுத்து முன்னே பின்னே இருந்தால் போனைத் திட்டுங்கள். ஞாபகத்தில் பிழை இருக்காது.

மாமல்லபுரம் பீச் ஓரம் அவர் லாட்ஜ். கெஸ்ட் ரூமில் ஃபேன் கடகடவென்று ஆடும். வாட்ச் ரூமில் மட்டும் இரவும் பகலும் ஏசி. உப்புக் காற்று பட்டால் கெட்டுவிடுமாம்.

கட்டாத வாட்ச் நின்றுபோகக் கூடாது என்று, தானாகவே சுற்றுகிற பெட்டி வேறு. அதற்குள் ஆறு ஆறாகப் படுத்துக் கிடக்கும். வாட்சுக்குத் தொட்டில்!

புதிதாக ஒன்று வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காதில் வைப்பார். "தனபாலு, சவுண்டு கேளுய்யா. முள்ளு பாரு, குதிக்காம எப்படி வழுக்கினு போவுது!"

கேட்டேன். டிக் டிக் என்றது. என் வீட்டுச் சுவரில் தொங்குவதும் அதையேதான் சொல்லும்.

என் மகள் கல்யாணம் காலை ஏழரைக்கு. சார் தங்க வாட்ச் கட்டிக்கொண்டு பதினோரு மணிக்கு வந்தார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். "ட்ராஃபிக்குய்யா" என்றார். லாட்ஜிலிருந்து பந்தல் கூப்பிடு தூரம்.

அவருக்கு உயிர் டைவிங் வாட்ச். முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று முதுகில் வெட்டியிருக்குமாம். "தண்ணி பாக்காத டைவிங் வாட்ச் என் பெட்டில ஏறாது" என்பார்.

சார் தண்ணீர் பார்க்க மாட்டார். அலை முழங்காலுக்கு வந்தால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அதனால் புது வாட்ச் எல்லாம் என் கைக்கு வரும். ஒரு வாரம் கட்டிக்கொண்டு நான் கடலுக்குப் போக வேண்டும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் விற்றவனுக்கே திரும்பிப் போகும். படியாவிட்டால் தொட்டில்.

இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். எங்கள் வலை போவது அப்படி ஐந்து பாகம், பத்துப் பாகம். "முன்னூறு மீட்டருக்கு நான் எங்க சார் போறது?" என்று கேட்டேன்.

"நீ போற வரைக்கும் போய்யா. மீதிய நான் நம்பிக்கறேன்."

அப்புறம் சிநேகிதர்களை உட்காரவைத்து, "நானே வங்காள விரிகுடால எறங்கி டெஸ்ட் பண்ணது" என்பார். நான் பக்கத்தில் மீன் கூடையோடு நின்றுகொண்டிருப்பேன்.

மாட்டேன் என்று சொல்ல முடியாது. எங்கள் குப்பத்துப் படகெல்லாம் ஏற்றி நிறுத்துகிற மணல் அவர் காம்பவுண்டுக்கு எதிரே.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள்... ரப்பர் வார் போட்ட கறுப்பு வாட்ச். வலை இழுக்கும்போது ஏகாம்பரம் கயிற்றில் கால் மாட்டித் தண்ணீரில் விழுந்தான். நானும் குதித்தேன்.

அவன் கீழே போகிறான். என் கை வரவில்லை. வாட்ச் வலையில் மாட்டிக்கொண்டது. ஒரு கை தூரத்தில் அவன் முகம். இடுப்புக் கத்தியை எடுத்து வாரை அறுத்தேன். வாட்ச் போயிற்று. அவன் தலைமுடி கையில் கிடைத்தது.

கரையில் போட்டபோது அவனுக்குப் பேச்சு மூச்சு இல்லை. என் பெண்டாட்டி மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள். சார் ஓடிவந்தார். என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"வாட்ச் எங்கய்யா?"

அவர் கேட்ட முதல் கேள்வி அது. அடுத்த கேள்வி, "எந்த எடத்துல வுட்ட?"

ஏகாம்பரத்தைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். நான் கூடப் போக முடியவில்லை. "உன் மச்சான டாக்டர் பாத்துக்குவாரு. என் வாட்ச எவன் பாப்பான்? எடுத்துக் குடுக்கல, படகெல்லாம் வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

முங்கினேன். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. காதில் ரத்தம் வந்தது. ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஆஸ்பத்திரியிலிருந்து என்ன சேதி வந்திருக்குமோ என்று கரையைப் பார்ப்பேன். சார் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

"கெடைக்கல சார்" என்று முதல் நாளும் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். சார் மணலில் உட்கார்ந்து அழுதார். அவர் அம்மா செத்தபோது அழாதவர்.

படகுகளைக் கிளப்பவில்லை. அழுததிலேயே ஆள் ஓய்ந்துபோனார். ஏகாம்பரம் மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தான். எப்படி இருக்கிறான் என்று சார் சாகும்வரைக்கும் கேட்டதில்லை.

நாளை சாம்பல் கரைக்கிறார்கள். ஏகாம்பரத்தின் போட்டைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவனும் ஒப்புக்கொண்டான். அவன் அப்படிப்பட்ட ஆள்.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிவிட்டேன். சவுக்குத் தோப்புக்கு மேலே லைட் ஹவுஸ் நேராகத் தெரியும் இடம். கீழே பாறை.

"அங்க எதுக்கு மாமா?" என்றான். "சாயங்காலம் போன்ல போடறேன், யாரையாவது வுட்டுப் படிக்கச் சொல்லிக் கேளு" என்றேன்.

ஏகாம்பரம், கேட்டுக்கொள். இரண்டாம் நாள் அது கிடைத்தது. மணலில் பாதி புதைந்து, முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குதிக்காமல், வழுக்கிக்கொண்டு. நீ அப்போது கண் திறக்கவில்லை. பாறை இடுக்கில் கை போகும் மட்டும் திணித்துவிட்டு மேலே வந்தேன்.

ஞானசேகர் சார்... வடக்குப் பக்கத்து இடுக்கு. ஐந்து பாகம்தான்.

இந்த முறை நீங்களே இறங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.